இதயம் வரைந்த கோடு

நுழையும்முன்

மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுக்கும்போது தாளில் ஒரு கோடு ஏறியும் இறங்கியும் ஓடுவதைப் பலரும் பார்த்திருப்பர். அக்கோட்டைத் துல்லியமாக வரையும் கருவியை உலகுக்கு வழங்கியவர் ஒரு டச்சு அறிஞர். உயிருள்ள இதயம் கடிகாரம்போல் துடிப்பதில்லை. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைப்பட்ட காலம் நுட்பமாக மாறிக்கொண்டே இருக்கிறது. அம்மாற்றம் உடல்நலத்தைக் காட்டும் ஓர் அளவுகோல் என்பதைப் பின்வந்தோர் கண்டறிய அவரது கருவி வழிவகுத்தது. துல்லியத்துக்காகவே உழைத்த அவரது வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

விரல் அறிந்ததும் அறியாததும்

மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்ப்பது மிகத் தொன்மையான மருத்துவமுறை. சித்த மருத்துவரும் சீன மருத்துவரும் கிரேக்க மருத்துவரும் நாடியின் நடையைக் கொண்டு நோயின் போக்கை உணர முயன்றனர். நாடியின் விரைவையும் தளர்வையும், வலிவையும் மெலிவையும் விரல் உணரும். ஆனால், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே, நொடியில் நூறில் சில பங்கு அளவே ஏற்படும் வேறுபாட்டை எண்ணாக எடுத்துச் சொல்ல விரலால் இயலாது.

நிமிடத்துக்கு 60 முறை துடிக்கும் இதயம் சரியாக ஒரு நொடிக்கு ஒருமுறை துடிக்கிறது என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. ஓர் இடைவெளி 0.94 நொடியாகவும் அடுத்தது 1.05 நொடியாகவும் அதற்கடுத்தது 1.01 நொடியாகவும் அமையலாம். மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்றே விரைகிறது. வெளிவிடும்போது சற்றே தளர்கிறது. ஜெர்மானிய உடலியல் அறிஞர் கார்ல் லுத்விக், தாம் அமைத்த கைமோகிராப் என்னும் பதிவுக் கருவியின் துணையால், மூச்சோடு சேர்ந்து நாடி மாறுவதை 1847இல் விலங்குகளிடம் கண்டு பதிவுசெய்தார்.

எனினும், இவ்வுண்மை நோயாளியின் படுக்கையருகே எளிதில் வந்து சேரவில்லை. நாடி சீராக இல்லையெனில் இதயம் பழுதுபட்டது என்று அஞ்சும் நிலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நீடித்தது. மூச்சோடு சேர்ந்து துடிப்பு மாறுவது இளம் வயதினரிடத்தில்தான் மிகுதி. அதனால் நோயற்ற சிறுவர் சிறுமியர்கூட இதய நோயாளிகளாகக் கருதப்பட்டனர். ஓடவும் விளையாடவும் தடுக்கப்பட்டனர். எந்தச் சீரின்மை நோய், எந்தச் சீரின்மை இயல்பு என்று பிரித்தறிய விரலைவிட நுட்பமான கருவி வேண்டியிருந்தது. அதனை உருவாக்கியவர் வில்லெம் ஐந்தோவன்.

இளமைப் பருவம்

இன்று இந்தோனேசியா எனப்படும் நாடு அன்று டச்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அங்கு, ஜாவா தீவிலுள்ள செமராங் நகரில் 1860ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் ஐந்தோவன் பிறந்தார். தந்தை யாக்கோப் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிப் பின்னர் அந்நகரில் மருத்துவம் பார்த்தவர். ஐந்தோவனுக்கு ஆறு வயதானபோது தந்தை மறைந்தார். நான்கு ஆண்டுகளுக்குப்பின் தாய் தம் ஆறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நெதர்லாந்துக்குத் திரும்பி உட்ரெக்ட் நகரில் குடியேறினார்.

தந்தையின் வழியிலேயே மருத்துவராக வேண்டுமென்ற எண்ணத்துடன் 1878இல் ஐந்தோவன் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்பைப் போலவே உடற்பயிற்சியிலும் அவருக்கு நாட்டம் மிகுதி. வாள்வீச்சு, படகு வலித்தல் ஆகியவற்றில் முனைந்து ஈடுபட்டார். ஒருமுறை விளையாட்டின்போது விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கை குணமாகும்வரை சும்மா இருக்க அவர் மனம் ஒப்பவில்லை. கை எவ்வாறு திரும்புகிறது, அப்போது முழங்கை மூட்டு எவ்வாறு இயங்குகிறது என்பதை ஆராயத் தொடங்கி, அதையே ஓர் ஆய்வுக்கட்டுரையாக எழுதினார். தமக்கு நேர்ந்த துன்பத்தையும் ஆய்வுப்பொருளாக்கும் இயல்பு அவரிடம் இளமையிலேயே அமைந்திருந்தது.

புகழ்பெற்ற உடலியல் அறிஞரான டான்டர்ஸிடம் பயின்று, நிற வேறுபாட்டால் பொருள்கள் அருகிலும் தொலைவிலும் இருப்பனபோல் தோன்றுவதை ஆராய்ந்து 1885இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் லைடன் பல்கலைக்கழகத்தின் உடலியல் பேராசிரியர் பதவி அவரைத் தேடிவந்தது. அப்போது அவருக்கு வயது 25. வாழ்வின் இறுதிவரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் லைடனே அவரது களமாக விளங்கியது.

பாதரசத்தின் தயக்கம்

இதயத் தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் அதில் நுண்ணிய மின்னோட்டம் எழுகிறது என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. மார்பைத் திறக்காமலேயே அம்மின்னோட்டத்தை மனித உடலின் மேற்பரப்பிலிருந்து முதன்முதலில் பதிவுசெய்தவர் லண்டனைச் சேர்ந்த அகஸ்டஸ் வாலர். ஆண்டு 1887. தம் வளர்ப்பு நாயான ஜிம்மியின் கால்களை உப்புநீர்க் கலங்களில் நிறுத்தி அதன் இதய மின்னோட்டத்தையும் அவர் பிறருக்குக் காட்டினார். 1889இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் நடந்த உடலியல் அறிஞர் மாநாட்டில் வாலரின் செய்முறையைக் கண்டோருள் ஐந்தோவனும் ஒருவர்.

வாலர் பயன்படுத்தியது லிப்மன் கண்ட நுண்குழாய் மின்னளவி. நுண்ணிய கண்ணாடிக் குழாயிலுள்ள பாதரசம் மின்னோட்டத்துக்கேற்ப ஏறி இறங்கும். அவ்வசைவைப் படமாகப் பதிவுசெய்வர். ஆனால் பாதரசம் எடை மிகுந்தது. இதயத்தின் விரைவுக்கு ஈடுகொடுக்க அதனால் இயலவில்லை. மின்னோட்டம் உச்சியைத் தொட்டுத் திரும்பிய பின்னரும் பாதரசம் ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே கருவி காட்டிய கோடு இதயத்தின் உண்மைக் கோடாக அமையவில்லை.

கருவியின் குறையைக் கணிதத்தால் நிறைவுசெய்ய ஐந்தோவன் முனைந்தார். பாதரசம் எவ்வளவு பின்தங்குகிறது என்பதைக் கணக்கிட்டு, அதைத் திருத்தி உண்மையான வளைகோட்டை 1895இல் வரைந்து காட்டினார். கருவி காட்டிய கோட்டின் மேடுகளுக்கு ஏ, பி, சி, டி என்று பெயரிட்டிருந்தார். திருத்திய கோட்டை அதனோடு குழப்பிக்கொள்ளாதிருக்கப் பி, கியூ, ஆர், எஸ், டி என்னும் வேறு எழுத்துகளைக் கொண்டார். இன்றும் உலகெங்கும் மருத்துவர்கள் இதய அலைகளை அவ்வெழுத்துகளாலேயே குறிக்கின்றனர்.

பின்னாளில் அவர் வரையப்போகும் கோட்டின் வடிவம் கணக்கின் வழியே முன்னரே கிடைத்துவிட்டது. ஆயினும் ஒவ்வொரு துடிப்புக்கும் நெடுநேரம் கணக்கிட்டுக்கொண்டிருந்தால் அது நோயாளிக்குப் பயன்படாது. தயங்காமல் அசையும் ஒரு கருவி தேவை என்று அவர் உணர்ந்தார்.

அம்பு இழுத்த இழை

எடை மிகுந்த பாதரசத்தை விடுத்து எடையே இல்லாததுபோன்ற ஒன்றைத் தேடினார் ஐந்தோவன். அதுவே குவார்ட்ஸ் இழை. குவார்ட்ஸை உருக்கி, ஓர் அம்பின் முனையில் ஒட்டி எய்தால், அம்பு பாயும் விரைவில் அது மிக மெல்லிய இழையாக நீளும். ஆங்கில இயற்பியலாளர் பாய்ஸ் கண்ட முறை இது. தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய அவ்விழையின்மேல் வெள்ளிப் பூச்சு ஏற்றி, அதனை மின்கடத்தும் இழையாக்கினார் ஐந்தோவன்.

வலிய மின்காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே இவ்விழையை நிறுத்தினார். இதய மின்னோட்டம் இழையின்வழிப் பாயும்போது காந்தப்புலத்தால் இழை இப்பக்கமும் அப்பக்கமும் அசையும். அசைவு கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குச் சிறியது. எனவே இழையின்மேல் ஒளியைப் பாய்ச்சி, நுண்ணோக்கியால் அதன் நிழலைப் பெரிதாக்கி, நகர்ந்துகொண்டிருக்கும் ஒளிப்படத் தகட்டில் விழச்செய்தார். தகட்டில் ஒரு கோடு தோன்றியது. கணக்கிட்டு வரைந்த கோடும் இழை வரைந்த கோடும் ஒன்றுபோலவே அமைந்தன. தம் கணிதம் பிழையற்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அவருக்குத் தேவைப்படவில்லை.

இக்கருவி இழைக் கால்வனோமீட்டர் எனப் பெயர்பெற்றது. 1901இல் இதைப்பற்றி முதலில் எழுதிய ஐந்தோவன், 1903இல் விரிவான கட்டுரையை வெளியிட்டார். அதன் இதயமாகிய இழை மிக நுண்ணியது. கருவியோ மிகப் பெரியது. எடை ஏறத்தாழ 270 கிலோகிராம். இயக்குவதற்கு ஐவர் தேவைப்பட்டனர். மின்காந்தம் சூடேறாதிருக்கத் தண்ணீரால் குளிர்விக்க வேண்டியிருந்தது. பரிசோதிக்கப்படுபவர் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்க் கலங்களில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார்.

கருவியைச் செய்ததோடு ஐந்தோவன் நின்றுவிடவில்லை. எங்கு, யார் பதிவுசெய்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கும் வகையில் அளவுகளையும் வரையறுத்தார். ஒரு மில்லிவோல்ட் மின்னழுத்தம் 10 மில்லிமீட்டர் உயரம். ஒரு நொடி 25 மில்லிமீட்டர் நீளம். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் இ.சி.ஜி. தாள் பொதுவாக அதே வேகத்தில்தான் நகர்கிறது.

தெரிந்து தெளிவோம்

இ.சி.ஜி. கோட்டில் மிக உயர்ந்து நிற்கும் கூர்முனை ஆர் அலை எனப்படும். அடுத்தடுத்த இரு ஆர் அலைகளுக்கு இடைப்பட்ட நீளமே இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட காலம். தாளின் 1 மில்லிமீட்டர் 0.04 நொடியைக் குறிக்கும். இடைவெளி 20 மில்லிமீட்டர் எனில் காலம் 0.80 நொடி, அதாவது நிமிடத்துக்கு 75 துடிப்பு. அடுத்த இடைவெளி 22 மில்லிமீட்டர் எனில் காலம் 0.88 நொடி. இவ்விரண்டுக்கும் உள்ள 0.08 நொடி வேறுபாடு போன்றவற்றின் தொகுப்பே இதயத் துடிப்பு மாறுபாடு.

தெருக்களைக் கடந்த துடிப்பு

கருவி ஆய்வகத்தில் இருந்தது. நோயாளிகளோ மருத்துவமனையில் இருந்தனர். இரண்டுக்கும் இடையே ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவு. 270 கிலோகிராம் கருவியை நோயாளியிடம் கொண்டுசெல்ல இயலாது. படுத்த படுக்கையாய் இருப்போரைக் கருவியிடம் கொண்டுவருவதும் இயலாது. தொலைபேசிக் கம்பி வழியாக இதயத்தின் மின்னோட்டத்தையே ஆய்வகத்துக்கு வரவழைக்கலாம் என ஐந்தோவன் முடிவுசெய்தார். 1905ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் அது நிறைவேறியது. மருத்துவமனையில் அமர்ந்திருந்த ஒருவரின் இதயத் துடிப்பு, நகரின் தெருக்களைக் கடந்து ஆய்வகத்தின் ஒளிப்படத் தகட்டில் பதிவானது.

இவ்வாறு திரட்டிய பதிவுகளை அவர் 1906இல் வெளியிட்டார். இதய அறைகளின் சுவர் தடித்தவர், மேலறைத் துடிப்பு கீழறைக்கு எட்டாது தடைப்பட்டவர், இடையிடையே முந்தித் துடிக்கும் இதயம் கொண்டவர் எனப் பலருடைய கோடுகள் அதில் இடம்பெற்றன. ஒவ்வொரு நோயும் தனக்கென ஒரு கையெழுத்தை உடையது என்பது அப்போது தெளிவாயிற்று.

சீரின்மையின் இரு முகங்கள்

ஐந்தோவனின் கருவியை நோயாளியின் நலனுக்காக முழுமையாகப் பயன்படுத்தியவர் லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ். இருவரும் கடிதங்கள் வாயிலாக நெடுங்காலம் கருத்துகளைப் பகிர்ந்துகொண்டனர். முற்றிலும் ஒழுங்கற்றுத் துடிக்கும் நாடிக்கு இதயத்தின் மேலறை நடுக்கமே காரணம் என்பதை லூயிஸ் இக்கருவியால் 1909இல் நிறுவினார். அதே காலத்தில் ஜேம்ஸ் மெக்கன்சி என்னும் மருத்துவர் நாடியைப் பதிவுசெய்யும் தம் கருவியால் நோயாளிகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து, இளம் வயதில் மூச்சோடு மாறும் நாடி தீங்கற்றது என்பதை எடுத்துரைத்தார். இ.சி.ஜி. கோடும் அதற்குச் சான்று பகர்ந்தது. அலைகளின் வடிவும் வரிசையும் மாறாமல் இடைவெளி மட்டும் மூச்சுக்கேற்ப நீண்டும் குறுகியும் அமைந்தால் அது நோயன்று. நலமுடைய பிள்ளைகளை நோயாளிகளெனக் கட்டிலில் கிடத்த வேண்டியதில்லை என்பது இதனால் உறுதியாயிற்று.

இவ்விடைவெளி ஏன் மாறுகிறது? இதயத்தில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் முடிச்சின்மேல் இருவகை நரம்புகள் ஆளுகை செலுத்துகின்றன. பரிவு நரம்பு துடிப்பை விரைவுபடுத்தும். எதிர்ப்பரிவு நரம்பாகிய வேகஸ் நரம்பு துடிப்பைத் தளர்த்தும். வண்டியோட்டி ஒருவர் கடிவாளத்தை இடைவிடாது இழுத்தும் தளர்த்தியும் குதிரையை நடத்துவதுபோல, இவ்விரு நரம்புகளும் உடலின் தேவைக்கேற்ப இதயத்தை நடத்துகின்றன. மூச்சை உள்ளிழுக்கும்போது வேகஸின் பிடி தளர்கிறது, வெளிவிடும்போது இறுகுகிறது. கடிவாளம் உயிர்ப்போடு இயங்கும்வரை நடையில் நுண்ணிய மாற்றம் இருக்கும். மாற்றமே இல்லாத நடை, கடிவாளம் செயலிழந்ததைக் காட்டும்.

இந்நரம்புகளையும் ஐந்தோவன் விட்டுவைக்கவில்லை. வேகஸ் நரம்பில் மூச்சோடும் துடிப்போடும் எழும் மின்னோட்டங்களை 1908இல் தம் இழையால் பதிவுசெய்தார். பிற்காலத்தில் கழுத்துப் பகுதியிலுள்ள பரிவு நரம்பின் மின்னோட்டத்தையும் ஆராய்ந்தார். இதயத்தின் இரு கடிவாளங்களையும் தொட்டுப் பார்த்தவர் அவர்.

நன்றி மறவாத நெஞ்சம்

1924ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு ஐந்தோவனுக்கு வழங்கப்பட்டது. அச்செய்தி வெளியானபோது அவர் அமெரிக்காவில் விரிவுரைப் பயணத்தில் இருந்தார். மறு ஆண்டு ஆற்றிய நோபல் உரையில், லூயிஸின் உழைப்பு இல்லையெனில் தாம் அங்கு நின்றிருக்கும் வாய்ப்பு ஐயத்துக்குரியது என்னும் கருத்தை வெளிப்படையாகக் கூறினார்.

பரிசுத் தொகையைப் பற்றி அவருடைய வாழ்க்கையை எழுதியோர் ஒரு செய்தியைக் குறிப்பிடுவர். கருவியை அமைத்த நாள்களில் அவருக்குத் துணைநின்ற ஆய்வகப் பணியாளர் ஒருவர் இருந்தார். பரிசில் அவருக்கும் பங்குண்டு என்று கருதிய ஐந்தோவன் அவரைத் தேடினார். அவர் இறந்துவிட்டதை அறிந்தார். அவருடைய சகோதரியர் இருவர் வறுமையில் வாடுவதைக் கண்டு, தொகையில் பாதியை அவர்களுக்கு அளித்தார். கருவியில் ஒரு மில்லிமீட்டர் பிழையையும் பொறுக்காத அவர், நன்றிக்கடனிலும் கணக்குத் தவறவில்லை.

முதுமையிலும் அவரது ஆய்வு ஓயவில்லை. பொறியாளரான தம் மகனுடன் சேர்ந்து, வெற்றிடத்தில் இயங்கும் இன்னும் நுண்ணிய இழைக் கருவியை உருவாக்கினார். கம்பியில்லாத் தந்திக் குறிகளைப் பெறவும் அது பயன்பட்டது. 1927ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் லைடனில் ஐந்தோவன் காலமானார்.

இடைவெளி சொன்ன செய்தி

ஐந்தோவன் தந்த கோட்டில் அலைகளின் வடிவத்தையே மருத்துவ உலகம் நெடுங்காலம் படித்தது. அலைகளுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தைப் படித்தோர் பின்னரே வந்தனர். 1960களில் அமெரிக்க மருத்துவர்கள் எட்வர்ட் ஹானும் லீயும் கருவிலுள்ள குழந்தையின் இதயத் துடிப்பை ஆராய்ந்தனர். குழந்தை துன்புறத் தொடங்கும்போது துடிப்பின் எண்ணிக்கை மாறுவதற்கு முன்பே துடிப்பிடைக் காலத்தில் மாற்றம் தோன்றுவதைக் கண்டனர். 1978இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், மாரடைப்புக்குப்பின் துடிப்பு மாறுபாடு குறைந்திருந்தோரிடையே இறப்பு மிகுதியாக இருந்ததை வெளியிட்டனர். 1987இல் மாரடைப்பிலிருந்து மீண்ட 808 பேரை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வும் இம்முடிவை உறுதிப்படுத்தியது. மாறுபாடு மிகக் குறைந்தோருக்கு இறப்பு வாய்ப்பு, மாறுபாடு மிகுந்தோரைவிட ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. நீண்டநாள் நீரிழிவால் இதயத்துக்குச் செல்லும் நரம்புகள் பாதிக்கப்படும்போதும் இம்மாறுபாடு குறைகிறது. 1996இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகள் ஒன்றுகூடி இதனை அளக்கும் முறைகளை வரையறுத்தன.

270 கிலோகிராம் கருவி செய்த பணியின் ஒரு பகுதியை இன்று கைக்கடிகாரங்களே செய்ய முற்படுகின்றன. நல்ல உறக்கமும் முறையான உடற்பயிற்சியும் மாறுபாட்டை உயர்த்த வல்லவை; காய்ச்சலும் மனவழுத்தமும் உறக்கமின்மையும் அதைக் குறைக்கும். எனினும், இவ்வளவு ஆளுக்கு ஆள் வேறுபடும்; வயது ஏற ஏறக் குறையும். ஆகவே ஒருவருடைய எண்ணை மற்றவருடைய எண்ணோடு ஒப்பிடுதல் தகாது. ஒருநாள் குறைந்துவிட்டதென அஞ்சுவதும் வேண்டா. மேலறை நடுக்கத்திலும் இடைவெளிகள் பெரிதும் மாறும் என்பதால், எல்லா மாறுபாடும் நலமென்று மகிழ்வதும் பிழை. கோட்டை முழுமையாகப் படித்தறிந்த மருத்துவரே பொருள் கூற வல்லவர்.

மூச்சுக்கு மூச்சு மாறும் நாடியைக் கண்டு ஒரு காலத்தில் பிள்ளைகளின் ஓட்டம் நிறுத்தப்பட்டது. இன்றோ அம்மாற்றம் குறைந்தால்தான் மருத்துவர் கவலை கொள்கிறார். அச்சம் அறிவாக மாறிய இப்பயணத்தில் ஐந்தோவனின் பங்கு ஒரு மெல்லிய இழை. சூழலுக்கேற்ப நெகிழ்ந்து கொடுப்பதே உயிரின் வலிமை என்பதை அவ்விழை வரைந்த கோடு நமக்கு உணர்த்துகிறது.

கற்பவை கற்றபின்

1. அமைதியாக அமர்ந்து மணிக்கட்டில் நாடியை ஒரு நிமிடம் எண்ணுக. மெதுவாக மூச்சை இழுத்து விடும்போது நாடியின் நடையில் தோன்றும் மாற்றத்தை உற்றுநோக்கிக் குறிப்பு எழுதுக.

2. பாதரசக் கருவியின் குறையை ஐந்தோவன் முதலில் கணிதத்தாலும் பின்னர் புதிய கருவியாலும் நீக்கிய முறையை உம் சொற்களில் விளக்குக.

3. ஒரு கண்டுபிடிப்பில் துணைநின்றோரின் பங்கு என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.